ஐந்து பிரிவுச் சட்டம்



பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் எட்டாம் வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின் நிலையம், கம்பிக் கோபுரங்கள், துணை மின் நிலையம், தெருக் கம்பம், வீட்டு விளக்கு ஆகியவற்றைக் கரும்பலகையில் வரிசையாக வரைந்தேன். அவற்றையெல்லாம் ஒரு கோட்டினால் இணைத்து, கோட்டின்மேல் வீட்டை நோக்கி ஓர் அம்புக்குறியும் இட்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அம்புக்குறி எப்போதும் நம் வீட்டை நோக்கியே இருக்கிறதே! நம் வீட்டில் ஓர் இயந்திரத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கினால், அஃது இதே கம்பியில் திரும்பிப் போகுமா?" என்று கேட்டான். "போகும், கம்பிக்குத் திசை தெரியாது" என்று விடை கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்த விடை தவறானதன்று. ஆனால் அஃது அரை விடையே. இயற்கை இடந்தருகிறது என்பதைத்தான் நான் சொன்னேன். மனிதர்கள் இடந்தருகிறார்களா என்பது மற்றொரு பாதி. அந்த மற்றொரு பாதி அறிவியல் புத்தகத்தில் இல்லை. வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்ட அப்பாதியையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், மின்வலை என்பது எத்தகையது என்று பார்ப்போம். ஒரு வலையில் இணைந்துள்ள மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே தாளத்தில் இயங்குதல் வேண்டும். நம் நாட்டிலும் ஜெர்மனியிலும் அத்தாளம் விநாடிக்கு 50 சுற்று. ஒன்று தாளம் தப்பினால் மற்றவற்றுக்கும் துன்பம். ஆகவே வலையைக் காப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருந்தே ஆகவேண்டும். மேலும், ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வரிசைக் கம்பங்களை நடுவது வீண் செலவு. இக்காரணங்களால் எல்லா நாடுகளிலும் ஒரு பகுதியின் கம்பிகள் ஒரே நிறுவனத்தின் கையில் வந்து சேர்ந்தன. இதில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆயினும் இதிலிருந்து ஒரு சங்கடம் பிறந்தது. ஓர் ஊரிலிருந்து சந்தைக்குச் செல்லும் சாலை ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சாலை அவ்வூரின் பெரிய நெல் வியாபாரிக்குச் சொந்தம். இரண்டு மூட்டை நெல் விளைவித்த சிறு குடியானவன் என்ன செய்வான்? சாலைக்கு உரியவரிடமே, அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மூட்டையை வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். நெல்லையாவது குதிரில் கொட்டி வைக்கலாம். ஓடையில் ஓடும் நீரையும் வீசும் காற்றையும் குதிரில் கொட்டி வைக்க இயலுமா? மின்சாரத்தைச் சிறிய அளவில் ஆக்கியவர்களின் நிலைமை நெடுங்காலம் இவ்வாறே இருந்தது.

வியப்பு என்னவென்றால், மின்சாரத்தின் கதை சிறியவர்களிடமிருந்தே தொடங்கியது என்பதாகும். 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒளிவிட்ட விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நெக்கார் ஆற்றங்கரையில் லாஃபன் என்னும் சிற்றூரில், ஒரு சிமென்ட் ஆலையின் நீர்ச்சக்கரத்திலிருந்து, 175 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக வந்தது. தொலைவிடங்களுக்கு மின்சாரத்தை அனுப்பலாம் என்பதை அன்று உலகம் தெளிவாகக் கண்டது. பவேரியா முதலிய பகுதிகளில் ஓடைக்கரை மாவாலைகளும் மர அறுவை ஆலைகளும் மிகுதி. அவற்றின் உரிமையாளர்கள் பலர் பழைய சக்கரங்களோடு சிறு மின்னாக்கிகளைப் பொருத்திக்கொண்டனர்.

பின்னர் பெரிய அனல் நிலையங்கள் எழுந்தன. 1935இல் ஜெர்மனியில் ஆற்றல் தொழிற் சட்டம் ஒன்று பிறந்தது. நாடு மின் நிறுவனங்களின் எல்லைகளாகப் பிரிந்து, ஒருவர் எல்லையில் மற்றொருவர் நுழைவதில்லை என்னும் ஏற்பாடு உறுதிப்பட்டது. ஓடைக்கரை ஆலைக்காரர் தம் தேவைக்கு மேல் மிஞ்சிய மின்சாரத்தை அவ்வெல்லைக்குரிய நிறுவனத்திடமே கொடுக்க முடியும். நிறுவனமோ தனக்கு நிலக்கரியில் மிச்சமாகும் செலவை மட்டும் கணக்கிட்டுச் சொற்ப விலை கொடுத்தது. அந்த விலையில் பழுதுற்ற சக்கரத்தைச் செப்பனிடவும் பணம் போதாது. ஓடை ஓடியது; சக்கரம் நின்றது.

இதே வழக்கு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் எழுந்தது. 1976இல் நியூயார்க் நகரில், கிழக்கு 11ஆம் தெருவில், பாழடைந்து கிடந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எளிய குடும்பத்தினர் சிலர் தம் சொந்த உழைப்பால் புதுப்பித்தனர். அதன் கூரையின்மேல் இரண்டு கிலோவாட் திறனுள்ள ஒரு காற்றாடியையும் நிறுவினர். காற்று பலமாக வீசியபோது மிஞ்சிய மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் சென்றது. அளவுமானி பின்னோக்கிச் சுழன்றது. அந்நகரின் மாபெரும் மின் நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. நாட்டின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் அக்குடும்பங்களின் பக்கம் நின்றார். மாநில ஆணையத்தின் முன் வழக்கு நடந்தது. முடிவில் இணைப்பு நிலைத்தது. இரண்டு கிலோவாட் என்பது இன்று ஒரு நடுத்தர வீட்டுக் கூரையில் வைக்கும் சூரியத் தகடுகளின் அளவு. அவ்வளவு சிறியதை எதிர்த்தா அவ்வளவு பெரிய நிறுவனம் நின்றது என்று நீங்கள் நகைக்கலாம். நிறுவனம் அஞ்சியது அந்த இரண்டு கிலோவாட்டுக்காக அன்று. அது காட்டிய வழிக்காக.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளி, மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கை வைக்கிறான். அப்போது ஏதோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தால் அவன் உயிருக்கே ஆபத்து. ஆகையால், வலையில் மின்சாரம் நின்றவுடன் சிறு இயந்திரமும் தானாகவே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்னும் விதி இன்றியமையாதது. அத்தகைய கருவிகள் உண்டு. இன்று அவை எங்கும் பயன்படுகின்றன. எனினும் பாதுகாப்பு என்னும் சொல், சில வேளைகளில் கதவைச் செம்மையாக அமைப்பதற்கும், சில வேளைகளில் கதவை மூடிவைப்பதற்கும் பயன்பட்டது என்பதை வரலாறு காட்டுகிறது.

1978 நவம்பர் 9ஆம் நாள், எண்ணெய் நெருக்கடியின் நினைவு மாறாத காலத்தில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். தகுதி பெற்ற சிறு உற்பத்தியாளரிடமிருந்து மின் நிறுவனம் மின்சாரம் வாங்கியே தீரவேண்டும் என்றது அச்சட்டம். என்ன விலைக்கு? அந்த மின்சாரத்தை நிறுவனம் தானே உண்டாக்கியிருந்தால், அல்லது பிறரிடம் வாங்கியிருந்தால், எவ்வளவு செலவாகியிருக்குமோ அவ்வளவு விலைக்கு. மிசிசிப்பி மாநிலம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. கதவு திறந்தது. ஆனால் 'மிச்சமான செலவு' என்பதை மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறாகக் கணக்கிட்டனர். எரிபொருள் விலை இறங்கினால் அந்த விலையும் இறங்கும். நாளைய விலை தெரியாதவனுக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கியது.

ஜெர்மனி வேறொரு வழியைக் கண்டது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து நேர்ந்தபின், அந்நாட்டு மக்களிடையே மாற்று ஆற்றலைப் பற்றிய ஆர்வம் மிகுந்தது. அந்நாட்களில் பாராளுமன்றத்தில் மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கர் என்னும் உறுப்பினர் இருந்தார். அவர் பவேரியாவைச் சேர்ந்தவர்; ஆளுங்கட்சியாகிய பழமைவாதிகளின் அணியினர்; ஓடைக்கரை மின் உற்பத்தியாளர்களின் குறைகளை நன்கறிந்தவர். அவருடன் வொல்ஃப்காங் டேனியல்ஸ் என்னும் பசுமைக் கட்சி உறுப்பினர் கைகோத்தார். இரு கட்சிகளும் அக்காலத்தில் எலியும் பூனையும் போன்றவை. கூட்டு மசோதா என்றால் ஆளுங்கட்சித் தலைமை இசையாது. ஆகவே பசுமைக் கட்சியின் பெயர் இல்லாமலே மசோதா முன்வரட்டும் என்று டேனியல்ஸ் உடன்பட்டார். பெயரைவிடக் காரியம் பெரிது என்று எண்ணிய இவ்விருவரின் செயலை மாணவர்கள் மனத்தில் கொள்ளல் நன்று.

அது 1990ஆம் ஆண்டு. பிரிந்திருந்த இரு ஜெர்மனிகளும் அக்டோபர் 3ஆம் நாள் ஒன்றாயின. பெரிய மின் நிறுவனங்களின் கவனமெல்லாம் கிழக்கு ஜெர்மனியின் மின் நிலையங்களைத் தம் வசமாக்குவதில் இருந்தது என்றும், சில நீர்ச்சக்கரக்காரர்களுக்கான இச்சிறு மசோதாவை அவை பொருட்படுத்தவில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 1990 டிசம்பர் 7ஆம் நாளிட்ட அச்சட்டம், 1991 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதில் இருந்தவை ஐந்தே பிரிவுகள். முதற் பிரிவு யாருக்கு இச்சட்டம் என்று வரையறுத்தது. அரசாங்கமோ மின் நிறுவனமோ கால் பங்குக்குமேல் உரிமை கொண்டிருந்த நிலையங்களுக்கு இதில் இடமில்லை. அஃதாவது, இது சிறியவர்களுக்கென்றே இயற்றப்பட்டது. இரண்டாம் பிரிவு, தன் எல்லைக்குள் உண்டாகும் இத்தகைய மின்சாரத்தை மின் நிறுவனம் வாங்கியே ஆகவேண்டும் என்றது. மூன்றாம் பிரிவு விலையைச் சொன்னது. மக்கள் ஒரு யூனிட்டு மின்சாரத்துக்குச் சராசரியாகக் கொடுக்கும் விலையில் காற்றுக்கும் சூரியனுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு. சிறு நீர்மின் நிலையம் போன்றவற்றுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து. நான்காம் பிரிவு, ஒரு நிறுவனத்துக்குத் தாங்கவொண்ணாச் சுமை நேருமாயின் அதனை மேலுள்ள நிறுவனத்துக்கு மாற்றும் வழியைக் கூறியது. ஐந்தாம் பிரிவு, சட்டம் தொடங்கும் நாள். அவ்வளவே!

இதனால் விளைந்தது யாது? 1991இல் காற்றாலை மின்சாரத்துக்கு யூனிட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ பதினாறரை பென்னிக் கிடைத்தது. 100 பென்னிக் சேர்ந்தது ஒரு மார்க். வடகடலோரத்துக் குடியானவர் ஒருவர் இப்போது தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிடலாம். காற்றாடியின் விலை தெரியும். காற்றின் வேகம் தெரியும். மின்சாரம் விற்கும் விலையும் ஏறத்தாழத் தெரியும். அந்தக் கணக்குத் தாளோடு அவர் வங்கிக்குச் சென்றார். அண்டை வீட்டாரும் பங்கு சேர்ந்தனர். 1990 இறுதியில் அந்நாட்டின் காற்றாலைத் திறன் 100 மெகாவாட்டுக்கும் குறைவு. 1999 இறுதியில் அது 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. அரசாங்கத்தின் மானியமும், இயந்திரங்கள் மேம்பட்டதும் இதற்குத் துணைக் காரணங்கள். எனினும் அடித்தளம் அந்த ஐந்து பிரிவுகளே. நீர்ச்சக்கரக்காரரை எண்ணி எழுதிய சட்டத்தினால் மிகுதியும் பயன்பெற்றவர் காற்றாடிக்காரர் என்பதும் கருதத்தக்கது.

இப்போது மின் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. சில நிறுவனங்கள் முழு விலை கொடுக்க மறுத்தன, வழக்குகள் எழுந்தன. 1996இல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், இச்சட்டம் அரசியலமைப்புக்கு மாறானதன்று என்று தீர்ப்பளித்தது. ஆனால் பெரிய வழக்கு இனிமேல்தான் வரவிருந்தது.

வடகோடியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்னும் மாநிலம் உள்ளது, இருபுறமும் கடல், ஓயாத காற்று. அங்கே மின்சாரம் வழங்கிய நிறுவனம் ஷ்லெஸ்வாக். 1991இல் அது விற்ற மின்சாரத்தில் காற்றின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை; 1998இல் ஏறத்தாழப் பதினைந்தாயிற்று. அதனால் நேர்ந்த கூடுதல் செலவு 58 லட்சம் மார்க்கிலிருந்து 11 கோடி மார்க்குக்கு மேல் உயர்ந்தது. அச்சுமையின் ஒரு பகுதியை, 1998இல் திருத்திய சட்டப்படி, மேலுள்ள நிறுவனமாகிய பிராய்சன் எலெக்ட்ரா ஏற்க வேண்டியிருந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அது ஷ்லெஸ்வாக்கின்மீது வழக்கிட்டது. ஷ்லெஸ்வாக்கின் பங்குகளுள் பெரும்பகுதி அதற்கே சொந்தம். தாய் சேயின்மீது தொடுத்த வழக்கு என்றே சொல்லலாம்!

வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. கேள்வி இதுதான்: சந்தை விலையைவிட மிகுந்த விலை கொடுத்து வாங்கு என்று அரசாங்கம் கட்டளையிட்டால், அஃது அரசாங்கம் சிலருக்கு மட்டும் தரும் தகாத உதவிப் பணம் ஆகாதா? 2001 மார்ச் 13ஆம் நாள் நீதிமன்றம் விடை பகர்ந்தது. அரசாங்கக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் செல்லவில்லை. ஆதலால் அஃது உதவிப் பணம் ஆகாது. இத்தீர்ப்பு வேறுவிதமாக வந்திருந்தால், ஐரோப்பா முழுவதும் கதவு மீண்டும் சாத்தப்பட்டிருக்கக்கூடும்.

இதற்கிடையே வேறிரண்டு குறைகளும் வெளிப்பட்டன. சூரியத் தகடுகள் மிகுந்த விலையுடையவையாக இருந்த காலம் அது. தொண்ணூறு விழுக்காடு விலை அவற்றுக்குக் கால் வயிற்றுக் கஞ்சி. ஆகென் நகர மன்றம், செலவு முழுவதும் திரும்பக் கிடைக்குமாறு யூனிட்டுக்கு இரண்டு மார்க் தரலாம் என்று 1992இல் தீர்மானித்து, நெடிய இழுபறிக்குப் பின் 1995இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மற்றொரு குறை, 1998இல் மின்சந்தை போட்டிக்குத் திறக்கப்பட்டதால் நேர்ந்தது. பொதுவிலை சரிந்தது, அதனோடு கட்டப்பட்டிருந்த சிறியவர்களின் விலையும் சரிந்தது. ஆகவே ஹெர்மன் ஷீயர், ஹான்ஸ்-யோசஃப் ஃபெல் முதலிய உறுப்பினர்களின் முயற்சியால் 2000 ஏப்ரல் முதல் நாள் புதிய சட்டம் ஒன்று பழைய சட்டத்தின் இடத்தில் அமர்ந்தது. காற்று, சூரியன் முதலியவற்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு மாறாத விலை. சூரிய மின்சாரத்துக்கு 99 பென்னிக். சுமையோ வடகோடி மக்கள் மட்டும் தாங்காமல் நாடு முழுவதும் பகிர்ந்துகொள்வது. பல நாடுகள் பின்னர் இம்முறையைப் பின்பற்றின.

வரலாறு பயில்வோர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தல் ஆகாது. இந்தச் செலவை யார் கொடுத்தார்? மின்கட்டணம் செலுத்திய எளிய மக்களும் கொடுத்தனர். 2014இல் அந்தத் தனிக்கட்டணம் யூனிட்டுக்கு ஆறு சென்ட்டைத் தாண்டியது. மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் பெருந்தொழிற்சாலைகளுக்கு அதில் பெரும் சலுகை. கூரையில் தகடு வைக்க வசதியற்ற வாடகைக் குடும்பம், வசதியுள்ள அண்டை வீட்டாருக்காகவும் கட்டணம் செலுத்தியது. இக்குறை நியாயமானதே. 2022 ஜூலையில் அத்தனிக்கட்டணம் மின்கட்டணச் சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. பெரிய நிலையங்களுக்கு ஏல முறையும் வந்துவிட்டது. மறுபுறத்தில், ஜெர்மனி தொடர்ந்து வாங்கியதாலும், சீனாவில் தொழிற்சாலைகள் பெருகியதாலும், சூரியத் தகடுகளின் விலை உலகெங்கும் வெகுவாக இறங்கியது. ஜெர்மனியில் ஒரு குடும்பம் அன்று கட்டிய கட்டணத்தில் ஒரு துளி, இன்று நம் ஊர்க் கூரைகளின்மேல் பளபளக்கிறது. 2023இல் அந்நாடு பயன்படுத்திய மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டது புதுப்பிக்கத்தக்க ஆற்றல்களிலிருந்து கிடைத்தது.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வரலாற்றின் ஒரு கிளை உண்டு. கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்னும் ஊராட்சி உள்ளது. தெரு விளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியை அழுத்தியது. 2006இல் அவ்வூராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் திறனுள்ள ஒரு காற்றாலையைச் சொந்தமாக்கிக்கொண்டது. காற்றாலை அவ்வூரில் இல்லை. காற்று மிகுந்த வேறோரிடத்தில் நிற்கிறது. இடையில் இருப்பது பொது மின்வலை. அங்கே செலுத்திய மின்சாரம் இங்கே கணக்கில் வரவாயிற்று. மிஞ்சியதை மின்வாரியம் விலைக்கு வாங்கியது. வலையில் நுழையும் உரிமை இல்லையேல், அக்காற்றாலை ஊராட்சிக்கு வெறும் இரும்புக் கோபுரமே. 2003ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும் இத்தகைய மின்சாரத்தை வலையோடு இணைக்கவும் விற்கவும் வழிசெய்யும் கடமையை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு விதித்துள்ளது.

மாணவர்களே! சக்கரத்தையும் காற்றாடியையும் தகட்டையும் கண்டுபிடித்த விஞ்ஞானிகளை நாம் போற்றுகிறோம், போற்றவேண்டியதே. ஆனால் அவை கையில் இருந்தும் ஓடைக்கரை ஆலைக்காரர் பல்லாண்டுகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே, ஏன்? அவருக்குக் குறைந்தது கருவி அன்று, விதி. அந்த விதியை எழுத ஒரு பழமைவாதியும் ஒரு பசுமைக் கட்சிக்காரரும் வேண்டியிருந்தது; அதைக் காக்க நீதிமன்றங்கள் வேண்டியிருந்தன; அதற்கு விலை கொடுக்க ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கான மக்கள் வேண்டியிருந்தது.

பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ அறியேன். இவ்வுரையை அவன் கேட்டுக்கொண்டிருப்பானாயின், நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய முழு விடை இது: மின்சாரம் திரும்பிப் போகும், தம்பி. ஆனால் அதற்குக் கம்பி மட்டும் போதாது. நுழைய உரிமை வேண்டும். வாங்குவதற்கு ஒருவர் கட்டுப்பட்டிருக்க வேண்டும். விலை முன்கூட்டியே தெரியவேண்டும். அந்த விலையின் சுமை ஏழையின் தலைமேல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். முதல் மூன்றையும் வேறு நாட்டார் செய்து காட்டிவிட்டனர். நான்காவது இன்னும் எங்கும் முழுமையாகக் கைகூடவில்லை. அந்த வேலை உன் தலைமுறைக்கு உரியது.